பவளத்துக்கான வெயில்

செவ்வாய்க்கிழமை காலையில் வசந்தாமணி தன் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் வெள்ளை விளக்கைப் பாதியாகக் குறைத்தபோது, வளவுக்குள் விழுந்துகொண்டிருந்த வெயிலும் பாதியாகக் குறைந்தது. ஐந்து வீடுகள் ஒரே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த வளவில் அப்போது வெளியே இருந்தவள் அப்பளம் போடும் பாவாயி ஒருத்திதான். அவள் நிமிர்ந்து மேகத்தைத் தேடினாள். மேகம் இல்லை, கேட்டுக்கு வெளியே தெருவில் வெயில் எப்போதும்போலத் தகித்துக்கொண்டிருந்தது, எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளின் நிழல்கூட அழுத்தமாகக் கறுப்பாகத்தான் இருந்தது.

"எவ அவ, வெயிலத் தணிச்சது?" என்று பாவாயி கத்தினாள். அடுப்பை யார் தணித்தது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

வசந்தாமணி சன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். பிறகு தன் விரல்கள் பிடித்திருந்த விளக்குத் திருகைப் பார்த்தாள். கொஞ்சம் ஏற்றினாள், வாசல் வெளுத்தது. இறக்கினாள், மங்கியது.

"நாந்தானுங்க்கா," என்றாள்.

"நீயா? செரி, நான் அப்பளத்த எடுத்துப் போடற வரைக்கும் ஏத்தி வை."

திருப்பூரில் ஒரு சாய ஆலையின் லேபில் வசந்தாமணிக்கு வேலை. எங்கிருந்தோ ஒரு துண்டுத் துணி வரும். அந்த நிறத்துக்கே இன்னொரு துணியைக் கொண்டுவர வேண்டும், ஒரு பெட்டிக்குள் இரண்டையும் அருகருகே வைத்து மூன்று விதமான விளக்குகளில் மாற்றி மாற்றிப் பார்த்து, மூன்றிலும் ஒன்றுபோல் இருந்தால்தான் கையெழுத்துப் போட வேண்டும். பதினாறு வருடமாக அவள் பார்த்த நிறங்கள் எல்லாமே வேறு யாரோ ஏற்கெனவே பார்த்து முடிவு செய்த நிறங்கள். ஆலை முதலாளியின் மகன் ஆசைப்பட்டு வாங்கிச் சலித்துப்போன கடல்நீர்த் தொட்டியை யாராவது எடுத்துப் போங்கள் என்று சொன்னபோது, லேபில் யாரும் கேட்காததால் அவள் கேட்டாள். உள்ளே சில பாறைகள், கண்ணாடியில் ஊரும் இரண்டு நத்தைகள், பாறை மேல் மூடிய கைமுட்டியைப் போல ஒரு பவளம். கல்லாக இறுகும் வகை இல்லை, தோல் போன்ற சதையுள்ள வகை, காளான்போல் குடை விரிக்கும் என்றார்கள். ஆனால் வாங்கிய நாள் முதல் அது விரியவே இல்லை. அதன் நிறம் என்ன என்று வாங்கியவனுக்கும் தெரியாது, விற்றவருக்கும் மறந்துவிட்டது.

அதுதான் வசந்தாமணியைப் பிடித்துக்கொண்டது. மாதிரித்துணி இல்லாத ஒரு நிறம் தன் வீட்டுக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது விரிவதைப் பார்த்துவிட வேண்டும், சாவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

விற்ற சென்னைக்காரர் போனில் சொன்னார். "லைட்டு ஜாஸ்தி வச்சுக்கீறாங்க மேடம், அதான் சுருங்கிக்கினு கீது. நீல லைட்ட அப்டியே வுடுங்க, வெள்ளைய கம்மி பண்ணுங்க. அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க. அவசரப்பட்டீங்க, அவ்ளோதான்."

அவள் ஆலையிலிருந்து திரும்ப ஆறு மணி ஆகும். பவளத்தின் பகலைத் தானும் பார்க்க வேண்டும் என்பதால், விளக்கு காலை பதினொரு மணிக்கு மெல்ல எரியத் தொடங்கி இரவு ஒன்பதுக்கு மெல்ல அணையும்படி டைமரை வைத்தாள். மறுநாள் அந்த வளவில் பதினொரு மணிக்குப் பொழுது விடிந்தது.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்படி என்றுதான் கேட்டார்கள், அதுவும் தங்களுக்குள். பொழுது விடியும்முன் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும் என்று இருந்தவர்கள் பத்தரை மணிவரை தூங்கி எழுந்து கொட்டாவி விட்டபடி விடியும்முன்பே கோலம் போட்டார்கள். பிள்ளைகள் கைவிளக்கு வெளிச்சத்தில் தலைசீவி, பையை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்ததும் முகத்தில் அறையும் வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி பள்ளிக்கூடம் போனார்கள். சேவல் முதல் இரண்டு நாள் தெருவின் பொழுதுக்கும் கூவி, வளவின் பொழுதுக்கும் கூவி, தொண்டை கட்டிப்போய், மூன்றாம் நாள் வளவே போதும் என்று முடிவு செய்தது. இரவுச் சிப்ட் முடித்து வரும் பின்னலாடை ஆலைக்காரன் குப்புராசு, கல்யாணமான நாளிலிருந்து சன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கியவன், போர்வையை அவிழ்த்து மடித்துப் பரணில் போட்டான். பூக்கட்டும் லோகநாயகிதான் எல்லோரையும்விட மகிழ்ந்தாள், ஏனென்றால் சத்தியமங்கலத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும் மல்லிகை மொக்கு பொழுது சாய்ந்தால்தான் வெடிக்கும், வளவிலோ ஒன்பதுவரை பொழுது சாய்வதில்லை, ஊரெல்லாம் பூ விரிந்து வாடத் தொடங்கிய நேரத்தில் அவள் கூடையில் மட்டும் மொக்கு அரிசி மாதிரி இறுகிக் கிடந்தது, கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள்.

மாலையில் வெள்ளை தணிந்து நீலம் மட்டும் நிற்கும் நேரத்தில் வளவு முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆகும். துவைத்த வேட்டிகளும் பிள்ளைகளின் பற்களும் அந்த நீலத்தில் தாமே எரிவதுபோல ஒளிரும், மற்றதெல்லாம் மங்கிவிடும். மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வந்தவர் காலை பத்து மணிக்குக் கேட்டுக்குள் வந்து, போனில் விளக்கைப் போட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, போகும்போது, "கேட்டச் சாத்தி வைங்க, இருட்டு வெளிய வருது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு வைத்தபின் தயிரும் உப்பும் ஊசியும் கடன் கொடுக்கக் கூடாது என்ற வழக்கத்தில்தான் முதல் சிக்கல் வந்தது. வீட்டு விளக்கைத் தெருவின் பொழுதுக்கு வைப்பதா, வளவின் பொழுதுக்கு வைப்பதா என்று யாரும் முடிவு செய்யாததால், கொடுக்க மனமிருந்தவர்கள் "இன்னும் பொழுதிருக்குதே" என்றார்கள், மனமில்லாதவர்கள் "தெருவுல விளக்கு வெச்சாச்சே" என்றார்கள். யார் யார் எப்படி என்று ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பாவாயிக்கு மட்டும் எந்த வகையிலும் ஒத்துவரவில்லை. நீலம் தூக்கலான மெல்லிய வெயிலில் அப்பளம் காயவில்லை. ஓரம் சுருளாமல், நடு ஈரமாக, மாலைக்குள் புளித்த வாடை அடித்தது. அவள் ஒரு ஈர அப்பளத்தைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்புள்ள, இந்தக் கல்லுக்கு வெயில் ஆகாதுன்னு எனக்குமா ஆகக்கூடாது?"

"கல்லு இல்லீங்க்கா. உசுரு."

"நாங்க மட்டும் கல்லா?"

அன்று மாலையே முருங்கை மரத்தடியில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். தெருவில் காய வைத்தால் என்ன என்று குப்புராசு கேட்டான். "லாரி பொகையத் தின்னுட்டு அப்பளம் நல்லா வெளையும், நீ திங்கறயா?" என்று பாவாயி கேட்டதும் உட்கார்ந்துவிட்டான். கடைசியில், நடுப்பகலில் மட்டும் வெள்ளையை முழுக்க ஏற்றுவது, மற்ற நேரம் பவளத்துக்கு என்று பேசி முடித்தார்கள். ஒத்துக்கொண்டபோதே அது தவறு என்று வசந்தாமணிக்குத் தெரியும். நாலு பேர் பிழைப்பு இருக்கும் இடத்தில் ஒரு நிறத்தைப் பார்க்கும் ஆசைக்கு எவ்வளவு எடை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வெள்ளை ஏறியது. அப்பளம் கலகலவென்று காய்ந்தது. தொட்டியின் கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்தது, வளவின் சுவர்களிலும் அதே பாசி வெல்வெட் துணிபோல் படர்ந்தது. பவளம் நாளுக்கு நாள் ஒடுங்கியது. முட்டிபோல் இருந்தது எலுமிச்சைபோல் ஆயிற்று. பிறகு ஒரு காலையில் அதன் மேல் மெழுகு உருக்கி ஊற்றியதுபோல ஒரு பளபளத்த தோல் மூடியிருந்தது. சென்னைக்காரரின் போன் அணைந்திருந்தது.

அன்று வசந்தாமணி வேலைக்குப் போகவில்லை. மூக்கைத் தண்ணீரின் மேல் வைத்து முகர்ந்தாள். பவளம் செத்தால் தொட்டி அழுகிய முட்டைபோல நாறும் என்று எங்கோ கேட்டிருந்தாள். உப்பு வாடை மட்டும்தான் வந்தது. அவள் நடுப்பகல் வெள்ளையை ஏற்றாததைக் கண்டு சண்டைக்கு வந்த பாவாயி, கதவருகே நின்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சண்டையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"மேல் மூடியிருச்சு. ஒடம்பு ஒடுங்கியிருச்சு. யாரையும் பாக்க மாட்டேங்குது," என்றாள். பிறகு, "சாகலை புள்ள. உக்காந்திருக்குது," என்றாள்.

"எங்க உக்காந்திருக்குது?"

"அட, பெரிய மனுசி ஆயிருச்சுங்கறேன்!"

லோகநாயகி வந்து பார்த்து ஆமாம் என்றாள். குப்புராசுவின் மனைவி மஞ்சுளா வந்து பார்த்து அதேதான் என்றாள். மூன்று பெண்கள் சொல்லிவிட்டால் பிறகு அதில் பேச ஒன்றுமில்லை, குச்சு கட்ட வேண்டும், பச்சைத் தென்னோலையில் கட்ட வேண்டும், தாய்மாமன் கட்ட வேண்டும்.

"குச்செல்லாம் வேண்டாம்," என்றாள் வசந்தாமணி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

காங்கேயம் பக்கத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அவளுக்காகக் கட்டிய குச்சில் பதிமூன்று வயதில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தனித் தட்டு, தனி டம்ளர், கோரைப்பாய். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த அப்பா முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு போனதை ஓலை இடுக்கு வழியே பார்த்திருக்கிறாள். முந்தின நாள் வரை அவரோடு ஒரே வட்டிலில் சாப்பிட்டவள். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

"எதையுந் தனியா உக்கார வைக்கிறது எனக்குப் புடிக்காதுங்க்கா."

பாவாயி அவளைப் பார்த்தாள். "செரி, தனியா வேண்டாம். நாங்களும் கூட இருக்கறம்," என்றாள், அது எவ்வளவு பெரிய வாக்கு என்று அறியாமல்.

தாய்மாமன் என்று யாரும் இல்லாததால் குப்புராசுவைத் தாய்மாமன் ஆக்கினார்கள். "ஏனுங்க, கடல்ல பொறந்ததுக்கு நான் எப்படிங்க மாமன் ஆவறது?" என்று கேட்டபடியே அவன் எங்கிருந்தோ பச்சை ஓலை வெட்டி வந்து, கீற்றுக் கீற்றாகக் கிழித்து, தண்ணீருக்கும் விளக்குக்கும் நடுவே தொட்டியின் மேல் கூரையாகப் பரப்பினான். தடுக்க முடியும் என்று வசந்தாமணிக்குத் தெரிந்திருந்தும் தடுக்கவில்லை. ஓலைக்குக் கீழே வெளிச்சம் எவ்வளவு தணிகிறது என்று பார்க்கும் ஆவல் அவளைத் தடுத்தது. கடைசிக் கீற்றை வைத்ததும் வாசலிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். வளவின் மேல் ஓலை விழுந்திருந்தது. ஓலை இல்லை, அதன் நிழல். எந்தத் தென்னையும் இல்லாத அந்த வாசலில், தண்ணீர்க் குழாயின் மேலும் துவைகல்லின் மேலும் ஐந்து வீட்டுச் சுவர்களின் மேலும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களின் மேலும் பச்சையும் வெளிச்சமுமாகக் கீற்றுக் கீற்றாக விழுந்தது, காற்றில் ஆடும் ஓலையின் வாடைகூட வந்தது. வானம் இருந்த இடத்தில் வானம் இருந்தது, ஆனால் அது இடுக்குகளின் வழியாகத்தான் தெரிந்தது.

முதலில் புரிந்துகொண்டவள் மஞ்சுளா. "அக்கா," என்றாள் மெதுவாக, "அப்ப நாமெல்லாம் குச்சுக்குள்ளதான இருக்கறோம்?"

எல்லோரும் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நானுமா?" என்றான் குப்புராசு.

"நீயுந்தான்," என்றாள் பாவாயி.

வழக்கத்தை வளைக்க யாருக்கும் தைரியம் இல்லை. குச்சுக்குள் இருப்பவர்களுக்கு என்னென்ன உண்டோ அதெல்லாம் எல்லோருக்கும் ஆயிற்று. ஆண்களுக்கும் தனித் தட்டும் தனி டம்ளரும் வந்தன. சாமி மாடத்துப் பக்கம் போகக் கூடாது, குடத்தில் கை வைக்கக் கூடாது, தலை வாரிக்கொள்ள வேண்டியதில்லை, உளுந்தங்களி உண்டு, நல்லெண்ணெய் உண்டு. வளவின் சொந்தக்காரர் சின்னச்சாமி வெள்ளை வேட்டியோடு கேட்டுவரை வந்து, உள்ளே கிடந்த நிழலைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"உள்ள வரலீங்களா?" என்றாள் லோகநாயகி.

"நீங்கல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டப்புறம் வர்றனுங்," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

தன்னைக் கண்டு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைக் குப்புராசு வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தான். அன்று சாப்பிடும்போது அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெரிதாகப் புலம்பினான்.

"கொடத்தத் தொடாதங்கறீங்க, மாடத்துக்குப் போவாதங்கறீங்க, ஊறுகாய நான் தொட்டாக் கெட்டுப் போயிருமாம். என்னுங்க இது அக்கிரமம்? நான் என்ன பண்ணுனேன்?"

"தொட்டயா?" என்று பாவாயி கேட்டாள்.

"நேத்தே தொட்டுட்டேன். பசி."

"கெட்டுப் போச்சா?"

அவன் கொஞ்சம் யோசித்து, "இல்லியே," என்றான்.

"எங்குளுதும் கெட்டதில்லடா," என்றாள் பாவாயி. லோகநாயகிக்குச் சிரிப்பில் புரையேறியது. மஞ்சுளா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்து சரிந்தாள். வசந்தாமணியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏனோ கண் நிறைந்தது, எழுந்து போய்த் தொட்டியைப் பார்ப்பதுபோல நின்றாள்.

மெழுகுத் தோல் அப்படியே இருந்தது. ஆனால் எலுமிச்சை சற்றே பெரிதாகியிருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. நிறங்களைப் போலவே அளவுகளும் ஆசையால் மாறித் தெரியும் என்பது அவள் தொழிலில் முதல் பாடம். அதனால் அதை அவள் நம்பவில்லை. தினமும் முகர்ந்தாள். உப்பு மட்டும்தான்.

தண்ணீர் ஊற்றும் நாளைப் பாவாயியே குறித்தாள். வசந்தாமணி கடலுப்பு கலந்த புதுத் தண்ணீரை வாளிகளில் தயாராக்கி வைத்தாள், எப்படியும் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டிய நாள்தான். ஆளாளுக்கு விரல் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக் காறித் துப்பினார்கள். பிள்ளைகள் கடல் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார்கள். குழாயை வைத்து மெல்ல ஊற்றத் தொடங்கும்போதுதான் பாவாயி கையில் மஞ்சள் கரைத்த சொம்போடு வந்து நின்றாள்.

"அது ஆகாதுங்க்கா."

"மஞ்சத் தண்ணி இல்லாம என்ன சீரு?"

"ஒரு சொட்டுப் பட்டாலுஞ் செத்துரும்."

"மஞ்சள்ல யாராச்சும் சாவாங்களாடி? அமங்கலமாப் பேசாத." பாவாயியின் கை தொட்டியின் மேல் நீண்டிருந்தது. சொம்பு சாய்ந்தது. வசந்தாமணி அதைப் பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை. தன் தலையை நடுவில் கொண்டுபோய் நீட்டினாள். மஞ்சள் தண்ணீர் அவள் உச்சியில் விழுந்து, காதோரம் வழிந்து, கழுத்தில் இறங்கி, சேலையெல்லாம் நனைத்தது. ஒரு சொட்டுக்கூடத் தொட்டியில் விழவில்லை.

பாவாயி வெறும் சொம்போடு நின்றாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "அப்பறம் என்ன, கொலவை போடுங்கடி," என்றாள்.

குலவைச் சத்தம் அடங்குவதற்குள், புதுத் தண்ணீரின் இழுப்பில் மெழுகுத் தோலின் ஒரு ஓரம் எழும்பியது. நனைந்த காகிதம் போல அது உரிந்து, மடிந்து, ஒரு முறை சுழன்று மிதந்தது. அதன் கீழே இருந்தது மெல்ல மெல்லப் பருத்தது, காம்பு நீண்டது, தலை அகன்றது, அகன்று குடையாயிற்று, குடை முழுக்க மயிரிழை மயிரிழையாக எதுவோ வெளியே வந்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அது காடாத்துணியின் நிறம். சாயம் ஏறாமல், வெளுக்காமல், தறியிலிருந்து இறக்கியபடியே.

"இதுக்கா இத்தன?" என்றான் குப்புராசு.

வசந்தாமணி கண்ணாடியருகே குனிந்தாள். அவள் ஆலைக்குள் தினமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவது இந்த நிறம். அதை வேறொன்றாக்குவதற்காகவே அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருநாளும் யாரும் அதை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்ததில்லை. அவள் மஞ்சள் சொட்டும் தலையோடு, இடம் மாறி மாறி நின்று, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஓலையை எடுப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. எடுத்தால் மறுபடி சுருங்கும், எடுக்காவிட்டால் குச்சிலிருந்து யாரும் வெளியே வந்ததாக ஆகாது. முடிவு செய்யத் தெரியாமல் விட்டுவிட்டார்கள். ஓலை தானாகவே காயத் தொடங்கியது. பச்சை பழுப்பாகி, ஒவ்வொரு கீற்றும் சுருண்டு ஒடுங்கி, இடுக்கு அகன்று, தொட்டிக்குள்ளும் வளவுக்குள்ளும் வெயில் நாளுக்குக் கொஞ்சமாக, கேட்காமலே, கூடிக்கொண்டு வந்தது. திருகை வைத்து அவ்வளவு பொறுமையாக வசந்தாமணியால் ஏற்றியிருக்க முடியாது. பவளம் சுருங்கவில்லை. முதல் நாள் உள்ளங்கை அகலம் இருந்த குடை இப்போது விரித்த கை அளவு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவாயி ஒரே ஒரு அப்பளத்தை எடுத்து வந்தாள். வாசலில் எல்லாவற்றையும்விட அகலமான வெயில் கீற்று எது என்று நடந்து நடந்து பார்த்து, துவைகல்லின் மேல் அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். வசந்தாமணி சன்னலுக்கு உள்ளே தொட்டியருகே நின்றாள்.

"அங்க எப்படி இருக்குது?" என்று பாவாயி கேட்டாள்.

"அப்படியே விரிஞ்சுதான் இருக்குதுங்க்கா. அங்க?"

பாவாயி கையை உயர்த்திப் பொறு என்று காட்டினாள். அப்பளத்தின் ஒரு ஓரம் துவைகல்லை விட்டு நூலளவு எழும்பியது.